காமன் ரூம் போதும்

“இதுல எந்தக் காமன் ரூம் என்னுதுக்கா?” என்று கேட்டான் ரித்திக்.

தாரணி சிரித்தாள். கேலி செய்கிறான் என்று நினைத்தாள். அவனோ நிஜமாகவே தரையைப் பார்த்துத் தேடிக்கொண்டிருந்தான்.

சிங்கப்பூரில், தேக்காவின் பக்கத் தெரு ஒன்றில் ஒட்டினாற்போல் நின்ற இரண்டு கடைவீடுகளின் மாடி அது. கீழே துணிக்கடை. மேலே பல வருடமாகச் சரக்கு அடுக்கியிருந்த இடத்தைக் காலி செய்து, நடுச்சுவரையும் எடுத்துவிட்டிருந்தார்கள். கூடத்தின் நடுவே கூரை திறந்து வெளிச்சம் கீழ்த்தளம் வரை இறங்கும் ஏர்வெல், அதைச் சுற்றி மரக் கைப்பிடி. மிச்சத் தரை முழுவதும் தாரணி நீல டேப்பை ஒட்டி, தான் வரைந்த மாணவர் விடுதியை உண்மை அளவிலேயே போட்டிருந்தாள். கட்டடக்கலை படித்த நாளிலிருந்து அவளுக்கு இது பழக்கம். காகிதத்தில் காட்டினால் எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள், காலால் நடந்து பார்த்தால்தான் மனதில் பட்டதைச் சொல்வார்கள்.

இன்றைக்கு வந்திருந்த இரண்டு மாணவர்களின் மனதில் பட்டது நல்லதாகவே இருக்க வேண்டியிருந்தது. கட்டடம் கதீஜாவுக்கும் அவர் தம்பி அப்துல் காதருக்கும் பாதிப் பாதி. வெளிநாட்டிலிருந்து படிக்க வரும் பிள்ளைகளுக்குக் கட்டுப்படியாகிற வாடகையில், நாலு பேரோடு கலந்து பழகிக்கொண்டு இருக்க ஒரு வீடு என்பது கதீஜாவின் ஆசை. தம்பியிடம் ஒரு ஹோட்டல் கம்பெனி பேசி முடித்திருந்தது. “தங்கப்போற பிள்ளைங்களே வந்து பாத்து நல்லா இருக்குன்னு சொல்லட்டும் லாத்தா, நானும் உங்க பக்கம் கையெழுத்துப் போடுறேன். இல்லேன்னா ஹோட்டல்தான்,” என்று சொல்லியிருந்தார். சாயங்கால அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து நேரே இங்கே வருவார்.

“இதோ, இதுதான் காமன் ரூம்,” என்று தாரணி தெருப்பக்கம் கையைக் காட்டினாள். உயரமான மூன்று ஜன்னல்களும் அந்தப் பகுதிக்குள்தான் இருந்தன.

ரித்திக் அங்கே போய்க் கைகளை விரித்து ஒரு சுற்றுச் சுற்றினான். “இவ்ளோ பெருசா? எனக்கு மட்டுமா?”

“உனக்கு மட்டும் எப்படி லா? எல்லாருக்கும்.”

“எல்லாரும் இதுக்குள்ள எப்படிக்கா படுக்கறது?”

“படுக்கறதுக்கு இல்ல. உக்கார, பேச, சேர்ந்து படிக்க.”

“அப்ப படுக்கறது?”

“பின்னாடி. ஒரு ரூமுக்கு ஆறு பேர். மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு கட்டில். ஒவ்வொண்ணுக்கும் தனித் திரை இருக்கு, லைட் இருக்கு, போன் சார்ஜ் பண்ணிக்கலாம்.”

ரித்திக் கூட வந்திருந்த வர்ஷாவைத் திரும்பிப் பார்த்தான். இருவரும் ஒரே கல்லூரி. அவன் மதுரை, அவள் திருப்பூர். வர்ஷா பின்பக்கம் போய், ஆறு பேருக்கான அறையின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். அங்கே வெளிச்சம் வரவில்லை.

“வெளிச்சமெல்லாம் உக்கார்றதுக்கு, இருட்டெல்லாம் தூங்கறதுக்காக்கா?”

“தூங்கறதுக்கு எதுக்கு வெளிச்சம்?”

“சரிதான்,” என்றாள் வர்ஷா. பிறகு, “ஆனா நாங்க கேட்டது காமன் ரூம்க்கா,” என்றாள்.

“அதைத்தானே போட்டிருக்கேன்.”

“இல்லக்கா. மாஸ்டர் ரூம் வேணாம், காமன் ரூம் போதும்னு சொன்னோம்ல. கேன்டீன்ல நீங்க வந்து பேசினப்ப.”

“ஆமா, சொன்னீங்க. அதனாலதான் மாஸ்டர் ரூமையே எடுத்துட்டேன்.”

“எங்கேர்ந்து எடுத்தீங்க?”

“மாடிப்படி பக்கத்துலேர்ந்து. ஹால் மாஸ்டருக்குன்னு முதல்ல ஒரு ரூம் போட்டிருந்தேன். நான் யுனிவர்சிட்டி ஹால்ல தங்கினப்ப ஒரு மாஸ்டர் இருப்பார், பிள்ளைங்களை மேய்க்க. நீங்க எல்லாரும் மாஸ்டர் வேணாம், மாஸ்டர் வேணாம்னதும், சரி, பெரிய பிள்ளைங்கதானே, மேய்க்க ஆள் எதுக்குன்னு நினைச்சேன்.”

ரித்திக் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். சிரிப்பில் அவனுக்குப் பேச்சு வரவில்லை.

“என்ன லா?”

“அக்கா, மாஸ்டர் ரூம்னா உள்ளேயே பாத்ரூம் இருக்கற ரூம். காமன் ரூம்னா பாத்ரூம் வெளிய இருக்கற சின்ன ரூம். வாடகைக்கு விடறவங்க எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க. காமன் பாத்ரூம்தான். ரூம் நம்மளுது.”

“ஒரு கட்டில், ஒரு கதவு,” என்றாள் வர்ஷா. “அவ்வளவுதான் நாங்க கேட்டது.”

“நீங்க ரெண்டு பேரும் அப்படிக் கேட்டீங்க. மத்தவங்க? அந்த வியட்நாம் பொண்ணு, பர்மாப் பையன்?”

“அவங்களும் இந்த ஊர்லதானேக்கா ரூம் தேடுறாங்க. எல்லாருக்கும் ஒரே காமன் ரூம்தான்.” ரித்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “நீங்க சிங்கப்பூர்தானே, உங்களுக்கு எப்படித் தெரியாமப்போச்சு?”

“நான் வாடகைக்கு ரூம் எடுத்ததே இல்ல. உட்லண்ட்ஸ்ல அம்மா வீடு. இப்பவும் அம்மா வீடுதான்.”

சொல்லிவிட்டுத் தாரணி ஜன்னல் பக்கம் போனாள். அங்கேயும் நிற்க முடியாமல் ஏர்வெல் பக்கம் வந்தாள். கேன்டீனில் ஒவ்வொருவராகச் சொன்னது காதில் திரும்ப ஓடியது. காமன் ரூம் போதும் சிஸ். காமன் ரூம் இருந்தா சந்தோஷம். தூங்க இடம் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், கூடி உட்கார ஓர் இடம் கொடுங்கள் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கிறார்களே என்று அவளுக்கு மனம் நெகிழ்ந்திருந்தது. கதீஜாவிடம் போய் அப்படியே சொன்னாள். கதீஜா கண் கலங்கி, அன்றைக்கே வேலையை ஆரம்பிக்கச் சொன்னார்.

வர்ஷாவின் கைபேசி ஓயாமல் அதிர்ந்துகொண்டிருந்தது.

“யாரு?”

“ஏஜென்ட். உட்லண்ட்ஸ்ல ஒரு ரூம் பாக்கப் போகணும். கிளமெண்டில இருக்கற ரூமை ஞாயித்துக்கிழமை காலி பண்ணணும். ஓனரோட மக வராங்களாம்.”

“உட்லண்ட்ஸ்லேர்ந்து காலேஜ் ரொம்பத் தூரமாச்சே.”

“எல்லை தாண்டி ஜொகூர்லேர்ந்தே தினம் வராங்கக்கா, நான் உட்லண்ட்ஸ்லேர்ந்து வர மாட்டேனா.”

மாடிப்படியில் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. கதீஜா வந்தார். ஒரு கையில் கயிறு கட்டிய பைகளில் தேத்தண்ணீர், இன்னொரு கையில் கறிபஃப் பொட்டலம்.

“என்ன பிள்ளைங்களா, புடிச்சிருக்கா? ஜன்னலைத் திறந்து பாத்தீங்களா? அங்க நீளமா ஒரு பாய் போட்டா இருபது பேர் உக்காரலாம்.”

நடந்த குழப்பத்தைத் தாரணி சொன்னாள். மாஸ்டர் ரூம் சமாச்சாரம் வந்தபோது ரித்திக்குக்கு மறுபடி சிரிப்பு வந்தது. கதீஜா சிரிக்கவில்லை.

“அப்போ சேர்ந்து இருக்கணும்னு யாருமே கேக்கலையா?”

“அதைக் கேக்கவே வேணாம் ஆன்ட்டி, ஏற்கெனவே எங்ககிட்ட அது நிறைய இருக்கு,” என்றான் ரித்திக். “ஃபேரர் பார்க்ல ஒரு ரூம்ல ஆறு பேர். ஒருத்தன் தும்மினா அஞ்சு பேர் எழுந்திருப்போம்.”

“விளையாடாதே. என் மக அஃப்னா மெல்போர்ன்ல படிச்சா. அவளுக்குத் தனி ரூம், நல்ல ரூம். ஆறு மாசம் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே இருந்திருக்கா. போன் போட்டா நல்லா இருக்கேம்மா, நல்லா இருக்கேம்மான்னுவா. நான் நேர்ல போய்ப் பாத்தப்ப எலும்பும் தோலுமா நிக்கிறா. அந்தக் கதவை இந்த வீட்டுல வைக்க மாட்டேன்னுதான் இவ்வளவும்.”

பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். தாரணி வாங்கிக்கொண்டாள். கதீஜா யோசித்துவிட்டுச் சொன்னார்:

“பாதிக் கதவு வைக்கலாமே. அந்தக் காலத்துல கடைவீட்டு வாசல்ல இருக்கும்ல, இடுப்பு உயரத்துக்கு, தள்ளினா ஆடும். மறைவுக்கு மறைவு. உள்ள ஆள் இருக்கறதும் தெரியும்.”

“பாதிக் கதவுன்னா பாதித் தூக்கம்தான் ஆன்ட்டி,” என்றாள் வர்ஷா.

“முழுசாச் சாத்திக்கிட்டு அப்படி என்னம்மா பண்ணுவே?”

“ஒண்ணும் பண்ண மாட்டேன்.”

“அதுக்கு எதுக்குக் கதவு?”

“அதுக்குத்தான் ஆன்ட்டி கதவு. முதல் வீட்டுல ஹால்ல திரை போட்டுப் படுத்தேன். இப்ப இருக்கறது ரூம்தான், ஆனா கதவைச் சாத்தக் கூடாது, ஏர்கான் ஓடுதான்னு ஓனர் பாக்கணும். சும்மா படுத்திருந்தா, உடம்பு சரியில்லையாங்கறாங்க. அழுதா ஏன்னு கேக்கறாங்க. சிரிச்சா போன்ல யாருங்கறாங்க. நல்லவங்கதான், சாப்பாடுகூடக் குடுப்பாங்க. ஆனா நாள் பூராவும் பதில் சொல்லிக்கிட்டே இருக்க முடியல.”

கதீஜா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “இது கட்டி முடிஞ்சா நீ வருவியா?”

“அதுக்குள்ள என் படிப்பு முடிஞ்சிரும்.” வர்ஷா பையைத் தோளில் மாட்டினாள். “போய்ட்டு வரேன் ஆன்ட்டி. ஏஜென்ட் கத்துவார்.”

ரித்திக்கும் எழுந்தான். தாரணியின் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில், “அங்கிள் வந்து கேட்டா சூப்பரா இருக்குன்னு சொல்லணுமாக்கா? நான் இருந்து சொல்லிட்டுப் போறேன். எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல,” என்றான்.

கதீஜாவுக்கும் அது காதில் விழுந்துவிட்டது. “சொல்லட்டுமே,” என்றார். “ஹோட்டல் வராம இருந்தா போதும்.”

தாரணிக்கு நா வரை வந்தது. ‘சொல்லு’ என்ற ஒரு வார்த்தை. அவன் சொன்னால் இன்றைக்கே கையெழுத்து, அவள் தனியாக வரைந்த முதல் வீடு எழும்பும். இருட்டான அந்த ஆறு பேர் அறையைப் பார்த்தாள்.

“வேணாம் லா,” என்றாள். “அப்புறம் இதுக்குள்ள யாராவது படுக்கணும். நீ போ. கறிபஃப் எடுத்துக்கோ. வர்ஷாவுக்கும் குடு.”

அவர்கள் இறங்கிப் போனதும் தாரணி மண்டியிட்டு, தெருப்பக்கத்து டேப்பைப் பிடித்து இழுத்தாள். அது சர்ரென்று உரிந்து வந்தது.

“யாரைக் கேட்டு எடுக்கறே?”

“டேப்தானே ஆன்ட்டி.”

“அது டேப் இல்ல, என் கூடம். ரூம் ரூமாத் தடுக்கத்தான் போறோம்னா காதர் சொல்ற மாதிரி ஹோட்டலாவே பண்ணிட்டுப் போகலாமே. அவங்களும் ரூம்தானே தடுப்பாங்க.”

உரித்த டேப் தாரணியின் விரல்களில் சுற்றி ஒட்டிக்கொண்டது. உதறினாள், போகவில்லை. வெளியே மழை வரும்போல் இருட்டிக்கொண்டு வந்தது.

“ஆன்ட்டி, அஃப்னாவோட ரூமை நீங்க பாத்தீங்கள்ல. கதவைத் திறந்தா வெளிய என்ன இருந்துச்சு?”

“எனக்கு அவ மூஞ்சிதான் ஞாபகம் இருக்கு. வேற எதைப் பாத்தேன்.”

“கேளுங்களேன்.”

“இப்பவா? துவாஸ் ஃபேக்டரில வேலையில இருப்பா.”

“உங்க தம்பி இப்ப வந்துருவாரே.”

கதீஜா கைபேசியை எடுத்தார். ஒலிபெருக்கியில் முதலில் இயந்திரச் சத்தம்தான் வந்தது. பிறகு அஃப்னா.

“ம்மா, ஷிஃப்ட்ல இருக்கேன்.”

“ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு வச்சிரு. மெல்போர்ன்ல உன் ரூம் கதவு...”

“திரும்பவும் மெல்போர்னா?”

“அந்த ரூமுக்குக் கதவே இல்லாம இருந்திருந்தா நீ அப்படி ஆகியிருக்க மாட்டேதானே?”

“கதவு இல்லாம இருந்திருந்தா அடுத்த ஃபிளைட்லயே வந்திருப்பேன். அந்த ஊர்ல எனக்குப் பிடிச்சது அந்த ரூம் ஒண்ணுதான்.”

“அப்ப ஏன் வெளியவே வரல?”

“எங்க வர்றது? கதவைத் திறந்தா காரிடார். காரிடார் முடிஞ்சா லிஃப்ட். லிஃப்ட்ல கீழ போனா லாபிகிட்ட சோஃபா போட்டுப் பெரிய ஹால் வச்சிருந்தாங்க, எல்லாரும் பழகறதுக்குன்னு. அங்க போகணும்னா தலை சீவணும், ஜீன்ஸ் மாட்டணும், மூஞ்சியச் சிரிச்ச மாதிரி வச்சுக்கணும். அதுக்கு அலுப்பா இருக்கும், போக மாட்டேன். தண்ணி குடிக்க வர்ற மாதிரி வந்து, யாராவது இருந்தா ரெண்டு வார்த்தை பேசிட்டுத் திரும்பிப் போறதுக்கு ஒரு இடம் இல்ல. ஏன் இப்பக் கேக்கறீங்க?”

“சும்மாதான்.”

“சும்மாவா? உடம்பு நல்லா இருக்குல்ல?”

“நல்லா இருக்கேன், வை.”

கைபேசி அடங்கிய பிறகும் கதீஜா அதை முன்னால் நீட்டியே பிடித்திருந்தார். “சோஃபா போட்ட ஹால்,” என்றார் தாரணியைப் பார்க்காமல். “நான் பாய் போடலாம்னு இருந்தேன்.”

தாரணி டேப் உருளையின் நுனியை உரித்து அவரிடம் நீட்டினாள். “இதைப் பிடிங்க.”

“எதுக்கு?”

“ஒரு ஆளா ஒட்டினா உங்க தம்பி வர்றதுக்குள்ள முடியாது.”

கதீஜா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்தார். தாரணி பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து ஒட்டினாள். அவள் பேச்சு டேப்பைவிட வேகமாக ஓடியது. தெருப்பக்கத்துக் கூடம் போகட்டும். அந்த இடத்தையும் பின்பக்க அறைகளையும் சேர்த்துப் பிரித்தால் ஆளுக்கொரு சின்ன அறை வரும், தங்குகிற பிள்ளைகளின் எண்ணிக்கை குறையாது, வாடகையும் ஏறாது. காரிடார் கிடையாது. எல்லாக் கதவும் நேராக ஏர்வெல் பக்கம் திறக்கும். ஏர்வெல்லைச் சுற்றித்தான் அடுப்பு, தண்ணீர், நீளமாக ஒரு மேசை. கைலியோடு, கலைந்த தலையோடு முட்டை பொரிக்க வரலாம்.

“ஜன்னல்?” என்றார் கதீஜா.

“மூணு பேருக்குக் கிடைக்கும்.”

“மத்தவங்களுக்கு?”

“ஏர்வெல் வெளிச்சம்தான்.”

“ஜன்னலுக்குச் சண்டை வரும் லா.”

“வரட்டும் ஆன்ட்டி. அதுக்காவது வெளிய வருவாங்க.”

கதீஜாவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டு, ஒட்டி முடிந்த முதல் அறைக்குள் போய் நின்றார். கையை நீட்டிப் பார்த்தார். இரண்டு பக்கமும் சுவர் வரவேண்டிய இடம் விரலுக்கு எட்டியது.

“மேசைகிட்ட நின்னு கூப்பிடு.”

“ஆன்ட்டி.”

“கேக்குது.”

“சுவரே இல்லையே, கேக்கத்தான் செய்யும்.”

“சுவர் வந்தா?”

தாரணி கதவுக்கு விட்ட இடைவெளியைப் பார்த்தாள். “கதவு சாத்தியிருந்தா கேக்காது,” என்றாள். “திறந்திருந்தா கேக்கும்.”

“சாத்தியே வச்சிருந்தா?”

“அதுக்கு என்கிட்ட டேப் இல்ல ஆன்ட்டி.”

கதீஜா அந்த அறைக்குள்ளேயே இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். முகத்தில் தெளிவு வரவில்லை. “சரி,” என்றார் கடைசியில்.

“சரின்னா?”

“அவங்களே திறக்கட்டும்னு சொல்றேன். அடுத்த ரூமை ஒட்டு.”

அடுத்த அறை பாதியில் இருந்தபோது அப்துல் காதர் வந்துவிட்டார். தொப்பியில் மழைத்துளி. கக்கத்தில் ஹோட்டல் கம்பெனியின் ஒப்பந்தம். மாடிப்படி ஏறிய வேகத்தில் டேப்பையெல்லாம் தாண்டி நேராகத் தெருப்பக்கத்துக்கு வந்து நின்றார்.

“என்ன லாத்தா, தரையில உருண்டுக்கிட்டு இருக்கீங்க? பிள்ளைங்க எங்க?”

“பாத்துட்டுப் போய்ட்டாங்க.”

“என்ன சொன்னாங்க?”

“நல்லா இல்லேன்னாங்க.”

அவர் தாரணியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். “ஆமா அங்கிள். நான் தப்பாப் போட்டிருந்தேன். இப்ப மாத்திப் போட்டுக்கிட்டு இருக்கேன்.”

“அப்ப பேசினபடி ஹோட்டல்தானே?”

“நாளைக்கு அவங்களை மறுபடி கூப்பிடறோம்,” என்றார் கதீஜா. “நீயும் வந்து கூட நில்லு. இதையும் வேணாம்னு சொன்னா நானே ஹோட்டல்காரனுக்குக் கையெழுத்துப் போடுறேன். இன்னைக்குப் போட மாட்டேன்.”

“ஒவ்வொரு நாளும் மாத்தி மாத்திப் போட்டா எப்ப முடியறது?”

“முதல்ல நீ நகரு காதர். ஒரு பிள்ளையோட கட்டில் மேல நிக்கறே.”

அவர் குனிந்து பார்த்தார். செவ்வகமாகக் கோடு. ஒரு காலைத் தூக்கினார், எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

“எப்படி வெளிய வர்றது?”

“கதவு அந்தப் பக்கம்.”

தரையோடு தரையாக ஒட்டிய டேப்தான். தாண்டியிருக்கலாம். அவர் உடம்பை ஒடுக்கிக்கொண்டு கட்டிலின் ஓரமாக நடந்து, கோடு விட்டுப்போன இடைவெளி வழியாக வெளியே வந்தார். மேசைக்கும் அடுப்புக்கும் நடுவில் நின்று திரும்பிப் பார்த்தார்.

“இவ்வளவு சின்னதா?”

“தூங்கறதுக்கும் சும்மா இருக்கறதுக்கும் அது போதுமாம்.”

“யாரு சொன்னா?”

“வந்த பொண்ணு.”

அவர் ஒப்பந்தத்தை இன்னொரு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். கையால் காற்றில் ஒரு கதவை இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்தார்.

“இந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும்?”

“வெளிப்பக்கம், அங்கிள். உள்ள இடம் பத்தாது.”

“அப்போ அடுப்புக்கிட்ட நிக்கறவன் முதுகுல இடிக்குமே.”

தாரணி பார்த்தாள். இடிக்கத்தான் செய்யும். மறுபடி மண்டியிட்டு, அந்த டேப்பின் நுனியை நகத்தால் கீறத் தொடங்கினாள்.